தெர்மாமீட்டர் 98.8 காட்டினாலும் காய்ச்சல்தான்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் காபி கொடுக்கப் போன பணிப்பெண் திரும்பி வந்து, "மூணாவது கட்டில் பாட்டி ஒரு மாதிரியா இருக்காங்க சிஸ்டர், டம்ளரைக் கையில வாங்கவே இல்லைங்க" என்கிறார். சிஸ்டர் போய்த் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறார். 98.8. "நார்மல்தான், தூக்கக் கலக்கமா இருக்கும்" என்று அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். நிமோனியா என்று தெரியவர இரண்டு நாள் ஆகிவிடுகிறது.

பணிப்பெண் சரியாகத்தான் கவனித்தார். தெர்மாமீட்டரும் சரியாகத்தான் காட்டியது. ஊருக்கெல்லாம் பொதுவான 98.6 என்ற எண்ணோடு பாட்டியை ஒப்பிட்டதில்தான் பிசகு. வயதாக ஆக உடம்பின் இயல்பான சூடே சற்றுத் தணிந்துவிடும். தொற்று வந்தால் சூட்டை ஏற்றச் சொல்லி மூளைக்குப் போகும் வேதிச் செய்திகளும் மந்தமாகிவிடும். இந்தப் பாட்டிக்கு நல்ல நாளில் 96.6 என்றால், 98.8 என்பது 2.2 டிகிரி ஏற்றம். அது காய்ச்சலேதான்.

அதனால் ஒவ்வொருவரின் சொந்த 'நார்மல்' என்ன என்பது இல்லத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போது மூன்று நான்கு நாள், ஒரே நேரத்தில், காபி குடிக்கும் முன் வாயில் வைத்துப் பார்த்து, சராசரியைத் தலைமாட்டு அட்டையில் எழுதி வையுங்கள். அதற்கு மேல் 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் காய்ச்சல். ஒரே ஒரு முறை 100-ஐத் தாண்டினாலும், திரும்பத் திரும்ப 99-ஐத் தாண்டினாலும் அப்படியே. மூட்டு வலிக்குப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்பவரிடம் இந்தக் கணக்கும் ஏமாற்றிவிடும். அங்கே மூச்சை எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காமல், முழு ஒரு நிமிடம். 25-ஐத் தொட்டால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

திடீர்க் குழப்பம், காரணமில்லாமல் விழுவது, சோற்றை ஒதுக்குவது: முதியவர்களிடம் தொற்று பெரும்பாலும் இந்த வேஷத்தில்தான் வரும். தினமும் அவர்களைக் குளிப்பாட்டி, தலைவாரிவிடும் பணிப்பெண்ணுக்குத்தான் அது முதலில் தெரியும். 'ஒரு மாதிரியா இருக்காங்க' என்பதை நேரம் போட்டு நோட்டில் எழுத வேண்டும். எங்கள் கணிப்பில், ஓர் இல்லத்தில் இருக்கும் கருவிகளிலேயே உயர்ந்தது அந்த நோட்டுத்தான்.

தாமதித்த அந்த இரண்டு நாளில் நோய் ஓய்ந்து இருப்பதில்லை. படுத்திருப்பவர் எங்கும் போகமாட்டார். பராமரிப்பவர் எல்லாக் கட்டிலுக்கும் போவார். 2020 தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தைச் சுற்றி மார்ச் 18-க்குள் 167 பேருக்குக் கொரோனா உறுதியானது. அவர்களில் 101 பேர் அங்கே தங்கியிருந்தவர்கள், 50 பேர் பணியாளர்கள், 16 பேர் பார்க்க வந்தவர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தவர்கள் வழியாகவும், உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்தவர்கள் வழியாகவும் அது பரவியது.

கையில் பரவுவதற்கு நோரோவைரஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1968-ல் அமெரிக்காவின் நார்வாக் ஊர்ப் பள்ளி ஒன்றில் பரவிய வாந்தியிலிருந்து பெயர் பெற்ற வைரஸ் இது. சுமார் 18 துகள் உள்ளே போனாலே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கொரோனாவுக்கு மேலே ஒரு கொழுப்பு உறை உண்டு; சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே இல்லை, வெறும் புரத ஓடுதான். அதனால் சானிடைசரை நம்பிப் பயனில்லை. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 40 முதல் 60 விநாடி தேய்த்துக் கழுவி, வைரஸைத் தோலிலிருந்து பிரித்துச் சாக்கடைக்கு அனுப்ப வேண்டும். கழுவிய கையை முந்தானையில் துடைத்தால் கழுவியது வீண். அந்த முந்தானை காலையிலிருந்து எத்தனை கட்டில்களைத் தொட்டிருக்கும்!

சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர் வாந்தி எடுத்துவிட்டார் என்றால், வாளியும் மாப்பும் கொண்டு ஓடுவதுதான் வழக்கம். அதுவே நோயை வீடு முழுக்கப் பூசுகிறது. முதலில் மற்றவர்களை வெளியே அழைத்துப் போய், ஜன்னல்களைத் திறங்கள். கையுறை, முகக்கவசம், ஏப்ரன் மூன்றும் வேண்டும். வாந்தியின் நுண்துளி காற்றிலும் மிதக்கும். பழைய செய்தித்தாளைப் போட்டு ஈரத்தை உறிஞ்சவிட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்தெடுத்து, இரட்டைப் பையில் கட்டுங்கள். அடுத்தது சோப்புத் தண்ணீர். குளோரின் கடைசியில்தான், அழுக்கு இருந்தால் குளோரின் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், வைரஸுக்கு மிச்சம் இருக்காது.

அளவு முக்கியம். 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 15 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் 0.5 சதவீதக் கரைசல். வாந்தி, பேதி பட்ட இடத்துக்கு இது. கைப்பிடி, குழாய், ஸ்விட்ச் துடைக்க லிட்டருக்கு 3 கிராம், அதாவது 0.1 சதவீதம், போதும். 5 சதவீத ஹைப்போகுளோரைட் வாங்கினால், 100 மில்லியோடு 900 மில்லி தண்ணீர் சேர்த்தால் முதல் அளவு. 20 மில்லியோடு 980 சேர்த்தால் இரண்டாவது. விழுந்த இடத்தைச் சுற்றி இரண்டு மீட்டராவது துடைத்து, பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் தரை இரண்டே நிமிடத்தில் காய்ந்துவிடும்; மறுபடி நனைக்க வேண்டும். வெயிலும் சூடும் குளோரினைத் தின்றுவிடும் என்பதால், கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். பவுடரை மூடிய டப்பாவில் நிழலில் வையுங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிடோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். ஃபினாயில் மணக்கும், நோரோ விஷயத்தில் அதை நம்ப முடியாது.

ஏற்காட்டில் சிக்கல் வேறு விதம். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மார்கழிப் பனியில் எந்த இல்லத்திலும் ஜன்னலைச் சாத்தத்தான் தோன்றும். சாத்திய அறையில் நான்கு பேர் விடுவதும் இழுப்பதும் ஒரே மூச்சு. சீலிங் ஃபேன் அந்தக் காற்றையே கிண்டிக்கொண்டிருக்கும், மாற்றாது. ஓர் அறையின் காற்று மணிக்கு இரண்டு முறை மாறினால், மிதக்கும் கிருமியில் 99 சதவீதம் வெளியேற 138 நிமிடம் ஆகும். ஆறு முறை மாறினால் 46 நிமிடம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயர அறைக்கு அந்த ஆறு முறை வேண்டுமென்றால், மணிக்குச் சுமார் 250 கன மீட்டர் இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் தேவை. அந்த எண் ஃபேனின் பெட்டியிலேயே இருக்கும். பலர் அதைத் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே பொருத்திவிடுகிறார்கள். அது ஜன்னல் காற்றை மட்டும் இழுத்துத் துப்பும், கட்டில் பக்கத்துக் காற்று அசையாது. காற்று நுழையும் வழிக்கு எதிர்ச் சுவரில், வராந்தாவுக்கு அல்லாமல் வெட்டவெளிக்குத் தள்ளும்படி வையுங்கள். குல்லா, ஸ்வெட்டர், கம்பளி எல்லாம் ஆளுக்குப் போடுங்கள், அறைக்குப் போடாதீர்கள். மேல் வென்டிலேட்டர் இரவிலும் திறந்திருக்கட்டும்.

நிமோனியாவுக்கு வெளியாள் யாரும் வர வேண்டியதில்லை, வாயிலேயே காத்திருக்கும். எச்சில் புரையேறும்போது பல்லிடுக்குக் கிருமிகள் நுரையீரலுக்கு இறங்குகின்றன. ஜப்பானில் 11 இல்லங்களில் இரண்டாண்டு நடந்து, 2002-ல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. மற்றவர்களில் 19 சதவீதம். ஒரு பிரஷ், ஒரு டம்ளர் தண்ணீர், ஐந்து நிமிடம். பல் செட்டை இரவில் கழற்றி வைப்பதும், சாப்பிட்டபின் அரை மணி நேரம் சாய்க்காமல் உட்கார வைப்பதும் இதோடு சேர்ந்தவை.

தடுப்பூசியில் ஒன்று மட்டும். முதுமையில் ஃப்ளூ ஊசிக்கு உடம்பு அரைகுறையாகவே பதில் தரும். ஆகவே முதியவர்களுக்குப் போடுவதோடு, அவர்களைத் தொடும் சமையல்காரர் முதல் இரவுக் காவலர் வரை எல்லோருக்கும் போட வேண்டும். நம் பக்கம் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடு ஏறும்; ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும். விநாயகர் சதுர்த்தி முடிந்த கையோடு போட்டுவிடுவது நல்லது.

இத்தனையையும் இரண்டு நாள் சம்பளம் கெடுத்துவிடும். வாந்தி பேதி வந்த பணியாளர், அது நின்றதிலிருந்து 48 மணி நேரம் வேலைக்கு வரக் கூடாது என்பது விதி. கொண்டலாம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண்ணுக்கு அந்த இரண்டு நாள் கூலி போனால் வீட்டில் அடுப்பெரியாது. ஆகவே மாத்திரை போட்டுக்கொண்டு வருவார், கேட்டால் "ஒண்ணுமில்லைங்க" என்பார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இல்லத்தின் மாதக் கணக்கில் பிளீச்சிங் பவுடர், கையுறை என்று எழுதும் அதே பக்கத்தில், நோய் விடுப்புச் சம்பளம் என்றும் ஒரு வரி வேண்டும்.