கட்டிலிலிருந்து கழிவறைக்கு எத்தனை அடி?

பெருந்தொற்றின்போது ஓர் உள்விளையாட்டரங்கைத் தற்காலிக மருத்துவமனையாக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. கட்டில்களை வரிசையாகப் போட்டதும் வேலை முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டாம் நாள் இரவு டூட்டியில் ஒரு நோயாளி ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கழிவறைக்கு எழுந்து போனார். படுத்திருந்தபோது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 94 சதவீதம் எனக் காட்டிய ஆக்சிமீட்டர், அவர் சுவரைப் பிடித்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தபோது 79 காட்டியது. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு சீராக அரை மணி நேரம் பிடித்தது. பார்வையாளர்களுக்காகக் கட்டிய கழிவறை. வராந்தாவின் கோடியில் இருந்தது.

அதன் பிறகு மருத்துவமனையாக்க எந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போனாலும் முதலில் கழிவறைவரை காலடி எண்ணி நடந்துவிடுகிறேன். 20 பேருக்கு ஒன்றாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தூரம் ஆளைச் சாய்த்துவிடும். ஆக்சிஜனில் இருப்பவர்களைக் கழிவறைக்குப் பக்கத்திலேயே படுக்க வையுங்கள். முடியாவிட்டால் பெட்பேன் கொடுங்கள், இல்லையேல் சிறிய சிலிண்டரோடு சக்கர நாற்காலியில் அழைத்துப் போங்கள். மாஸ்க் இல்லாமல் நடக்க விடவே கூடாது.

அடுத்தது ஆக்சிஜன் கணக்கு. பெரிய சிலிண்டர் ஒன்றில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 12 மணி நேரம்கூட வராது. அப்படி 50 பேர் இருந்தால் நாளொன்றுக்கு நூறு சிலிண்டருக்கு மேல். நள்ளிரவில் அவற்றை உருட்டி வந்து மாற்ற ஆள் இருக்கிறாரா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

தற்காலிக மருத்துவமனையில் யாரைச் சேர்ப்பது என்பதில் தெளிவு வேண்டும். 2020 பிப்ரவரியில் வூஹானில் விளையாட்டரங்குகளையும் கண்காட்சிக் கூடங்களையும் இப்படி மாற்றியபோது, நோய் கடுமையாகாதவர்களைத்தான் சேர்த்தார்கள். 16 இடங்களில் சுமார் 12,000 பேர் சிகிச்சை பெற்றார்கள். லண்டனின் எக்ஸெல் கண்காட்சி மையம் தீவிர சிகிச்சைக்காக 4,000 படுக்கைகள்வரை திட்டமிடப்பட்டது; முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் 54 பேர். கட்டில்களைச் சில நாட்களில் போட்டுவிடலாம். தீவிர சிகிச்சை நர்ஸ் ஒருவரைத் தயார்செய்ய மாதக்கணக்கில் ஆகும்.

நிலைமை மோசமானவரை வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் வழியையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். எங்கள் அரங்கின் வாசலில், ஸ்ட்ரெச்சர் நுழைய முடியாதபடி நடுவில் ஓர் இரும்புக் கம்பம் நின்றது. வெல்டரை வரவழைத்து அறுத்தெடுத்த பிறகுதான் முதல் நோயாளியைச் சேர்த்தோம்.