அச்சு மை எப்படிக் காய்கிறது?

செய்தித்தாளைத் தடவினால் விரலில் கரி ஒட்டுகிறது, 200 வருஷப் பழைய புத்தகத்தில் ஏன் ஒட்டுவதில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வில்லியம் சாவேஜிடமிருந்து தொடங்கலாம். லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்துக்கு அச்சடித்துக் கொடுத்தவர். அங்கே வேலை பார்த்த விஞ்ஞானிகள் டேவியையும் ஃபாரடேயையும் எல்லோருக்கும் தெரியும், இவரைத் தெரியாது. அச்சு மை தயாரிப்பதற்கென்றே 1832-இல் ஒரு கையேடு எழுதினார். மைக்காரர்கள் செய்முறையை வெளியே விடாத காலம் அது. நான் சாவேஜ் கட்சி.

அன்றைய மை என்பது ஆளி விதை எண்ணெயில் குழைத்த விளக்குப் புகைக்கரி. காய்ச்சாத பச்சை எண்ணெய் என்றால் எழுத்தைச் சுற்றி மஞ்சளாகக் கறை படரும். அதனால் நன்றாகக் காய்ச்சுவார்கள், தீப்பிடித்து எரியவும் விடுவார்கள். ஆறிய சொட்டு விரல்களுக்கிடையே நூலாக நீண்டால் பதம். கொழுப்பை எடுக்கும் என்று நம்பி ரொட்டித் துண்டும் வெங்காயமும் போட்டவர்கள் உண்டு. எண்ணெய் முழுக்கவே கொழுப்புதானே, எதை எடுக்க?

சரி, காய்வதற்கு வருவோம். தண்ணீர் ஆவியாகிக் காய்கிறது. இந்த எண்ணெய் ஆவியாகாது. காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும். ஆளி எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பாதியளவு லினோலெனிக் அமிலம். அதன் நீண்ட கார்பன் சங்கிலியில் மூன்று இரட்டைப் பிணைப்புகள், அதாவது பக்கத்துப் பக்கத்துக் கார்பன்கள் இரண்டு கைகளாலும் கோத்துக்கொண்ட இடங்கள். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே இருக்கும் கார்பனில் ஹைட்ரஜனின் பிடி தளர்ந்திருக்கும். அது கழன்ற இடத்தில் ஆக்சிஜன் வந்து உட்காரும். உட்கார்ந்த ஆக்சிஜன் சும்மா இருக்காது, பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். அங்கேயும் இதே கதை. இப்படியே சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து, கரித்துகள்களை உள்ளே பூட்டிய ஒரே வலையாகிவிடும். காயக் காய மையின் எடை முதலில் கூடும் என்பதுதான் எனக்குப் பிடித்த வேடிக்கை! வெப்பமும் வெளிவரும், ஆளி எண்ணெய் துடைத்த துணிக் குவியல் தானாகத் தீப்பிடிப்பது இதனால்தான்.

செய்தித்தாள் மையில் வழக்கமாகப் பெட்ரோலிய எண்ணெய். இப்படிப் பிணைய அதில் இரட்டைப் பிணைப்புகள் கிடையாது. தாளில் ஊறுவதோடு சரி. மேலே தங்கிய கரி விரலோடு வந்துவிடும்.

அப்புறம், சாவேஜ் எண்ணெய் காய்ச்சாமலே ஒரு மை சொல்லியிருக்கிறார். கோபைபா என்ற தென் அமெரிக்க மரத்தின் பிசினில் கரி, அவுரி நீலம், உலர்ந்த சோப்பு எல்லாம் சேர்த்துக் கல்லில் அரைக்க வேண்டும். எழுத்தச்சிலிருந்து தாளுக்கு மை சுத்தமாக இறங்க சோப்பு. அச்சகத்தையும் கொளுத்த வேண்டியதில்லை.