வைரஸைத் தடுக்கலாம், உரிமையாளரைத் தடுக்கக் கூடாது

எந்த நிரலைக் கொடுத்தாலும் அது வைரஸா இல்லையா என்று பிசகாமல் சொல்லும் மென்பொருளை யாராலும் எழுத முடியாது. 1980களிலேயே பிரெட் கோஹன் என்ற அமெரிக்கக் கணினி ஆய்வாளர் இதைக் கணித முறையில் நிறுவிவிட்டார். ஆகவே ஆன்டிவைரஸ் சில கெட்டவற்றை விட்டுவிடும், சில நல்லவற்றைப் பிடித்துக்கொள்ளும். அப்படிச் சந்தேகம் எழும்போது கடைசி முடிவு யாருடையது என்பதுதான் கேள்வி.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் எல்லாரும் கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரமுள்ள அட்மின் கணக்கிலேயே இருந்தார்கள். அவர்கள் திறந்த எந்த நிரலும் கேட்காமலே சிஸ்டம் கோப்புகளை மாற்றலாம். 2007இல் அடுத்த பதிப்பான விண்டோஸ் விஸ்டா, யூஏசி (யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல்) என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அட்மின் கணக்கில் நுழைந்தாலும் நிரல்கள் குறைந்த அதிகாரத்தில்தான் ஓடும். முழு அதிகாரம் வேண்டுமென்றால் திரை மங்கி, அனுமதி கேட்கும். நல்ல யோசனைதான், ஆனால் தொட்டதற்கெல்லாம் கேட்டதால் படிக்காமலே ‘ஆம்’ அழுத்தும் பழக்கம் வந்துவிட்டது. விண்டோஸ் 7 கேள்விகளைக் குறைத்தது. அதற்காக மைக்ரோசாஃப்டின் சில நிரல்களுக்குக் கேட்காமலே அதிகாரம் கொடுத்தது. தீநிரல்கள், அதாவது தீங்கு செய்யும் நிரல்கள், அவற்றின் முதுகில் ஏறிக்கொண்டன.

இதைவிட உறுதியான வழி, அன்றாட வேலைக்கு அட்மின் அதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்டு கணக்கு. முதலில் கடவுச்சொல்லுடன் புதிய அட்மின் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். பிறகு அங்கிருந்தே பழைய கணக்கை ஸ்டாண்டர்டாக மாற்றுங்கள். இனி பெரும்பாலான மென்பொருள்களை நிறுவ அட்மின் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தாக வேண்டும். கை தன்னால் அழுத்துகிற வேலை இல்லை அது.

ஆனால் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு அட்மின் அதிகாரமே தேவையில்லை. உங்கள் படங்களும் ஆவணங்களும் உங்களுடையவை. உங்கள் கணக்கில் ஓடும் நிரல் அவற்றைப் பூட்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதற்காக 2017இல் விண்டோஸ் 10இல் வந்தது ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’. நம்பகமான நிரல்கள் மட்டுமே டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் எழுதலாம். இயல்பாக இது அணைந்தே இருக்கும். இயக்கியதும் சில பழைய விளையாட்டுகளும் சிறு கருவிகளும் சேமிக்க முடியாமல் திணறும். பல நிரல்கள் உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் ‘கோப்பு இல்லை’ என்று மழுப்பும். அதற்காக இந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடாதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியின் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யில் தடுக்கப்பட்ட நிரலைப் பார்த்து, அதை மட்டும் அனுமதியுங்கள். மற்றவர்கள் எழுதிய கட்டளைக் கோப்புகளை (ஸ்கிரிப்ட்) ஓட்டும் பைத்தானையோ பவர்ஷெல்லையோ அனுமதித்தால், அவற்றின் வழியாக ஓடும் எல்லா ஸ்கிரிப்டுக்கும் கதவைத் திறந்துவிட்டதாக ஆகும்.

ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விடவேண்டியவற்றைச் சேர்க்கும் விலக்குப் பட்டியலுக்கும் இதே கவனம் வேண்டும். சொந்தமாக நிரல் எழுதுபவர்களின் புத்தம்புது .இஎக்ஸ்இ (இயக்கத் தயாரான நிரல்) கோப்பை ஆன்டிவைரஸ் தூக்கிவிடுவது சகஜம். அந்தப் புராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் விலக்குங்கள். டவுன்லோட்ஸ், டெம்ப் (தற்காலிகக் கோப்புகள்) ஃபோல்டர்கள் இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். தீநிரல் வந்து இறங்கும் இடங்களே அவை.

உலாவி இறக்கும் கோப்பில் ‘இணையத்திலிருந்து வந்தது’ என்ற குறி ஒட்டியிருக்கும். எச்சரிக்கை வருவது அதைப் பார்த்துத்தான். கோப்பின் பிராப்பர்ட்டீஸில் ‘அன்பிளாக்’ கொடுத்தால் நீங்கிவிடும். எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்புள்ள பென்டிரைவில் நகலெடுத்தாலும் குறி காணாமல் போகும். அப்படி வந்த கோப்புக்கு எச்சரிக்கை இல்லை என்பதால் அது சுத்தமானது என்று நினைக்க வேண்டாம்.

சிரமப்பட்டாவது உரிமையாளர் விலக்கிக்கொள்ளக்கூடிய தடை நியாயமானது. 2024இல் வந்த ஆப்பிளின் மேக்ஓஎஸ் செகோயா, நோட்டரைஸ் செய்யப்படாத, அதாவது ஆப்பிளின் சோதனைக்கு உட்படாத நிரலைத் திறக்க சிஸ்டம் செட்டிங்ஸ் வரை போகச் சொல்கிறது. எரிச்சல்தான், ஆனாலும் வழி இருக்கிறது. 2012இல் வந்த விண்டோஸ் ஆர்டி கருவிகளிலோ, கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டுமே தொடங்கவிடும் ‘செக்யூர் பூட்’டை அணைக்க உரிமையாளருக்கு மைக்ரோசாஃப்ட் வழியே தரவில்லை. வேறு இயங்குதளம் போட அனுமதிக்கவில்லை. சாதாரண பிசிக்களில் பெரும்பாலும் கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் செக்யூர் பூட்டை அணைக்கலாம். வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்கும் கணினி என்றால் முதலில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை இயக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும். அந்தச் சாவியின் பிரதி அந்தக் கணினிக்கு வெளியே இருக்கட்டும்.