காசு கட்டி வாங்கும் தலைமைத்துவ விருதுகள்: மலையக மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

மலையகப் பல்கலைக்கழகமொன்றில் விரிவுரையாளராகவும், மாணவர் ஆலோசகராகவும், விருதுத் தெரிவுக் குழுவொன்றின் அங்கத்தவராகவும் இருப்பவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து படிக்கும் மூன்றாம் வருட மாணவி ஒருவர், சமூக சேவை விருதுக்கான தமது விண்ணப்பத்துடன் ‘சர்வதேச இளம் தலைவர்’ என்றொரு சான்றிதழையும் அண்மையில் இணைத்துத் தந்தார். தடித்த தாள், தங்க நிற ஒட்டு முத்திரை, அடியில் இரண்டு கையொப்பங்கள். கையொப்பமிட்டவர்களின் பதவியோ நிறுவனத்தின் முகவரியோ எங்கும் இல்லை. மாணவியின் பெயர் மட்டும் வேறோர் எழுத்துருவில் பின்னர் சேர்க்கப்பட்டிருந்தது. இதற்காக அவரிடம் 25,000 ரூபா ‘பதிவுக் கட்டணம்’ அறவிடப்பட்டிருக்கிறது. அது அவருடைய தாயாரின் சீட்டுக் காசு. தோட்டத் தொழிலாளருக்கென 2024 இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்கிட்டால் பதினெட்டு நாளுக்கும் மேலான உழைப்பு. இத்தகைய சான்றிதழ்களை ஆண்டுதோறும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

இது விலைக்கு விற்கப்பட்ட காகிதம் என்று சொன்னால், எல்லோரும் சொல்லும் மறுமொழி ஒன்றுதான்: “மேடையில் பெரிய ஆள் ஒருவர்தானே சேர் கையால் கொடுத்தார்!” இந்த நம்பிக்கையைப் போல எனக்கு எரிச்சலூட்டுவது வேறெதுவுமில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிரதம அதிதி என்பவர் அழைப்பிதழ் கிடைத்ததால் வருகிறார். விளக்கேற்றுகிறார், பொன்னாடை ஏற்கிறார், நீட்டப்பட்ட கேடயங்களை வரிசையாகக் கைமாற்றிவிட்டுத் தேநீருடன் புறப்படுகிறார். விருது பெறுபவர் என்ன செய்தார் என்பதை அவர் வாசித்திருக்க மாட்டார். வாசிப்பதற்கு அங்கே எதுவும் எழுதப்பட்டிருக்கவும் மாட்டாது. ஹோட்டல் மண்டபம் கல்யாணத்துக்குக் கிடைப்பது போலவே விருது விழாவுக்கும் வாடகைக்குக் கிடைக்கும். புகைப்படம் நிரூபிப்பது இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள் என்பதை மட்டுமே. பேராசிரியர் ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார் என்பதும், பத்திரிகையில் செய்தி வந்தது என்பதும் இதே வகைச் சான்றுகள்தான். ஒரு விருதின் மதிப்பு, அதைக் கொடுத்த கையில் அன்றி, கொடுப்பதற்கு முன்னர் யார் எதை வைத்து மதிப்பிட்டார்கள் என்பதில் இருக்கிறது.

பேராதனையிலாயினும் பதுளையின் ஊவா வெல்லஸ்ஸவிலாயினும் அரச பல்கலைக்கழகங்கள் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. புலமைக்குரிய பதக்கங்களும் பரிசில்களும் பெரும்பாலும் பரீட்சைப் பெறுபேறுகளை வைத்துத் தீர்மானிக்கப்பட்டுப் பட்டமளிப்பு விழாவில் வழங்கப்படுகின்றன. அவற்றைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. தலைமைத்துவத்துக்கும் சேவைக்கும் உரிய விருதுகளில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். அவற்றுக்கு அறிவித்தல் வெளியாகும், பெயர் பரிந்துரைக்கப்பட வேண்டும், உங்களை அறிந்த ஒருவர் கடிதம் எழுத வேண்டும், குழு அதனை வாசித்துக் கேள்வி கேட்கும். குழுவில் நாங்கள் முதலில் திறப்பது பரிந்துரைக் கடிதத்தைத்தான். பிளாஸ்டிக் உறைகளில் அடுக்கிய சான்றிதழ்களை அன்று, என்பதை இங்கே இரகசியம் போலச் சொல்லி வைக்கிறேன்.

மேற்சொன்ன மாணவியிடம், “ஊரில் வேறு என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டபோது, தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தார். விடுமுறைக்கு வீடு செல்லும் நாட்களிலெல்லாம் தோட்டத்து முன்பள்ளிக் கட்டடத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறார். பிள்ளைகளின் பெயர்கள், வரவு, ஒவ்வொருவரும் தவணைப் பரீட்சையில் பெற்ற புள்ளிகள் யாவும் கோடு போட்டு எழுதப்பட்டிருந்தன. இடைவிலகிய இரு பையன்களின் பெயர்களுக்கு எதிரே, அவர்களுடைய வீடுகளுக்குச் சென்று பேசிய திகதிகளும் இருந்தன. இதை ஏன் விண்ணப்பத்தில் எழுதவில்லை என்றதற்கு, “அது சும்மா செய்றது சேர்” என்றார். தெரிவுக் குழு தேடிக்கொண்டிருப்பது அந்தக் கொப்பியைத்தான். சங்கத்தின் தலைவர், செயலாளர் என்று எத்தனை பதவி வகித்தீர்கள் என்பதை எவரும் எண்ணுவதில்லை; நீங்கள் பொறுப்பேற்றதால் எது மாறியது, நீங்கள் விலகிய பின்னரும் அது நடக்கிறதா என்பதையே கேட்கிறோம்.

ஆசிரியர்களிடமும் அதிபர்களிடமும் ஒரு வார்த்தை, சற்றுக் கடுமையாகவே. கௌரவ கலாநிதிப் பட்டம் என்பது பல்கலைக்கழகமொன்று தன் மூதவையில் ஆராய்ந்து தானாக முன்வந்து வழங்குவது. அதற்கு விண்ணப்பப் படிவம் இல்லை, தவணைக் கட்டணம் இல்லை, பெறுபவர் அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் வழக்கமும் இல்லை. தேசமான்ய, தேசபந்து ஆகியன ஜனாதிபதியால் வழங்கப்படும் தேசிய கௌரவங்கள். அவற்றின் சாயலில் பெயரிட்டுத் தனியார் அமைப்புகள் விற்பவை வேறு. விரிவுரையாளர்களின் ஆய்வுப் பணிக்கான விருதுகளும் வெளியான கட்டுரைகளை வைத்தே மதிப்பிடப்படுகின்றன. காசு கட்டி வாங்கிய பட்டத்தைப் பாடசாலைக் கல்வெட்டில் பொறித்துவிட்டு, பிள்ளைகள் நேர்மையாகப் பரீட்சை எழுத வேண்டும் என்று காலைக் கூட்டத்தில் பேசுவது எவ்வாறு பொருந்தும்?

எனவே, “நீங்கள் தெரிவுசெய்யப்பட்டுள்ளீர்கள்” என்று நீங்கள் விண்ணப்பிக்காத விருதுக்கு வட்ஸ்அப்பில் செய்தி வந்தால் மறுமொழி அனுப்பாதீர்கள். பதிவுக்கு, கேடயத்துக்கு, விருந்து மேசைக்கு என எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அத்துடன் நிறுத்திவிடுங்கள். பட்டம் வழங்கும் நிறுவனம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாருங்கள். வெளிநாட்டுப் பெயராக இருந்தால் சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் உலக உயர்கல்வித் தரவுத்தளத்தில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், ஏனெனில் புகழ்பெற்ற பெயரில் ஓர் எழுத்தை மாற்றுவது இவர்களின் பழைய வித்தை. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் வெட்கப்பட வேண்டாம். வங்கிப் பற்றுச்சீட்டையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்துப் பொலிஸில் முறையிடுங்கள். சுயவிபரக் கோவையிலிருந்து அந்த வரியை இன்றே நீக்குங்கள், நேர்முகப் பரீட்சையில் அது உங்கள் மற்றைய தகுதிகளின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பும்.

பரிந்துரைக் கடிதத்துக்காக முடிவுத் திகதிக்கு முதல்நாள் மாலையில் எங்கள் கதவைத் தட்டாதீர்கள். இரு வாரங்களுக்கு முன்னராவது வாருங்கள். தோட்டத்து ஆசிரியரோ, முன்பள்ளிப் பொறுப்பாளரோ, நீங்கள் உதவிய பிள்ளையின் பெற்றோரோ தமிழில், கைப்பட எழுதித் தரும் ஒரு பக்கக் கடிதத்தையும் கொண்டுவாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் நாங்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.