தக்காளிக்குச் சொட்டுநீர் மானியம்: நாற்று விடும் முன்பே பட்டாவைப் பாருங்கள்

தக்காளிக்கு ஈரம் ஒரே சீராக இருக்கணும். பத்து நாள் காயவிட்டு வாய்க்கால் நிறையப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும், காயின் அடி கறுத்து அழுகும். சொட்டுநீரில் தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ அளவாக விட்டால் இந்தச் சேதம் நன்றாகக் குறையும். இதற்குத் தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரையுள்ள சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75. விண்ணப்பம் தோட்டக்கலைத் துறையில்.

பலர் முட்டி நிற்பது பட்டாவில்தான். அப்பா இறந்து பல வருஷம் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கும். உழுவது நீங்கள் என்று ஊரே சொன்னாலும் செல்லாது. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் இரண்டையும் முதலில் முடியுங்கள். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகளின் சம்மதம் வேண்டும். குத்தகைக்கு 7 வருஷ ஒப்பந்தம் கேட்கிறார்கள். வாய்ப்பேச்சில் குத்தகை ஓட்டுகிறவர் எங்கே போவார்? இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடுத்து சிறு, குறு விவசாயி சான்று. இ-சேவையில் பதிந்த பிறகும் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று நகரணும். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலுக்கு விஏஓவைத் தேடிப் போனால் "மீட்டிங் போயிருக்கார்" என்பார்கள். நாற்று 25 நாளில் நடவுக்கு வந்துவிடும், ஃபைல் வராது. அதனால் நாற்று விடுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். எந்தக் காகிதம் கொடுத்தாலும் விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவை ஆன்லைனில் நீங்களே எடுக்கலாம், அதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

வேலையைத் தொடங்கலாம் என்று துறை தரும் பணி ஆணை வருமுன் அவசரப்பட்டு குழாய் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அந்தப் பில்லுக்கு மானியம் வராது. 100 சதவீதம் என்பதும் செடி இடைவெளிக்கு ஏற்ப அரசு நிர்ணயித்த தொகைக்குத்தான். அதைத் தாண்டினால் மிச்சம் உங்கள் கைக்காசு. கம்பெனி தரும் விலைப்புள்ளியை வரி விடாமல் படியுங்கள்.

குழாய் போட வந்தவர்கள் "வேலை முடிஞ்சது, ஒரு கையெழுத்துங்கண்ணா" என்பார்கள். எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் போட்டுக் கொடுத்தார். ஃபில்டரே மாட்டவில்லை. இரண்டே மாதத்தில் மண்ணடைத்து, பூத்த செடி வாடி நின்றது. கையெழுத்தைக் காட்டியே அவரைத் திருப்பி அனுப்பினார்கள். மோட்டாரைப் போட்டு, கடைசி வரிசையின் கடைசிச் செடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று நடந்துபோய்ப் பார்த்த பிறகு பேனாவைத் தொடுங்கள்.