850 கோடி டாலரில் மானியம் எவ்வளவு?

நிலக்கரியை விட்டு வெளியே வரப் பணம் தாருங்கள், தொழிலாளிகளைத் தெருவில் நிறுத்தாமல் வருகிறோம். 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் தென்னாப்பிரிக்கா பேசிய பேரம் இதுதான். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் சேர்ந்து 850 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டன. பிறகு இந்தோனேசியா, வியட்நாம், செனகல் மூன்றும் இதே அச்சில் ஒப்பந்தம் போட்டன.

ஆனால் தொகையைவிட அதன் சேர்மானம்தான் கவனிக்க வேண்டியது. 2022 திட்ட அறிக்கைப்படி குறைந்த வட்டியிலான சலுகைக் கடன் சுமார் 532 கோடி டாலர், வணிகக் கடன் 150 கோடி, கடன் உத்தரவாதம் 130 கோடி. திருப்பித் தர வேண்டாத மானியம் வெறும் 33 கோடி, நூற்றுக்கு நான்கு. சூரிய மின் நிலையம் மின்சாரம் விற்றுக் கடனை அடைத்துவிடும். சுரங்கத்தில் இருபது ஆண்டு உழைத்தவருக்கு வேறு தொழில் கற்றுத்தந்தால் கடன்காரருக்கு என்ன திரும்பும்? அதற்கு மானியம்தான் ஒத்துவரும். இந்த ஒப்பந்தத்தின் ‘நியாயமான மாற்றம்’ என்ற பெயரில் நியாயத்துக்குத்தான் காசு குறைச்சல். ஐந்தாண்டுக்குத் தேவை என நாடு கணக்கிட்டதோ சுமார் 1.5 லட்சம் கோடி ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்).

ம்புமலாங்கா மாகாணத்தின் கோமாட்டி அனல் மின் நிலையம் முதல் சோதனை. நிறுவுதிறன் 1,000 மெகாவாட். 2022 அக்டோபர் 31 அன்று மூடும்போது ஓடியது 121 மெகாவாட் அலகு ஒன்றே. அங்கே 150 மெகாவாட் சூரியசக்தி, 70 மெகாவாட் காற்றாலை, பேட்டரிச் சேமிப்பு அமைக்க உலக வங்கி வழியாக 49.7 கோடி டாலர் ஏற்பாடானது. ஏன் அங்கே? மின்தொடரும் (மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பி வலை) துணை மின் நிலையமும் ஏற்கெனவே உண்டு. காற்று நன்றாக வீசும் கேப் மாகாணங்களிலோ மின்தொடரில் இடமில்லை; அதனால் 2022-இன் ஆறாவது புதுப்பிக்கத்தக்க மின்சார ஏலத்தில் ஒரு காற்றாலைகூடத் தேர்வாகவில்லை.

கோமாட்டியில் பிசகியது வரிசை. புதியதைக் கட்டும் முன்பே பழையதை மூடிவிட்டார்கள். அரசு மின் நிறுவனமான எஸ்காமின் நிரந்தர ஊழியர்களுக்கு வேறு நிலையங்களில் இடம் கிடைத்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்த வழி இல்லை. மின்வெட்டும் முற்றவே, மற்ற நிலையங்களை மூடும் தேதி தள்ளிப்போனது.

2025 மார்ச்சில் இந்த ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகியது. அதோடு போனவை 100 கோடி டாலர் வணிக முதலீடும் 5.6 கோடி டாலர் மானியமும். முதலாவதை வேறு வங்கியிடம் கேட்கலாம்.