ஸ நிற்கிறது, தரை நகர்கிறது

கீபோர்டில் சி-யை, அதாவது ஒரு கட்டையை, சுருதியாக வைத்துக்கொண்டு வலது கையால் ‘ஸ’வை அழுத்திப் பிடியுங்கள். விடக் கூடாது. இடது கையில் முதலில் சி மேஜர், அப்புறம் ஏ மைனர், அப்புறம் எஃப் மேஜர் என்று கார்டுகளை (chord: சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது) மாற்றுங்கள். மேலே ஒலிப்பது அதே ஸ்வரம்தான். ஆனால் முதல் கார்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்த ‘ஸ’, இரண்டாவதில் லேசாக ஏங்குகிறது, மூன்றாவதில் விரிந்து திறக்கிறது.

கச்சேரியில் தம்புரா கடைசிவரை ஒரே தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்வரங்கள் அதன்மேல் நடக்கும். கார்டு வைத்த பாட்டில் அந்தத் தரையே நகர்கிறது. எந்த இடத்தில் எப்படி நகர்த்துவது என்பதுதான் கார்டு வரிசை அமைக்கும் வேலை.

சி மேஜர் என்பது ஸ-க-ப மூன்றும் சேர்ந்து ஒலிப்பது. நடு சி நொடிக்குச் சுமார் 261.6 முறை அதிர்கிறது. ஆனால் ஒரு கம்பி அந்த ஒரே வேகத்தில் மட்டும் அதிர்வதில்லை. அதன் 2 மடங்கு, 3 மடங்கு என்று மேலேயும் மெல்லிய ஒலிகள் எழும். சி-யின் 3 மடங்கு சுமார் 784.9. அதற்கு மேலுள்ள ஜி, அதாவது ‘ப’, 392. அதன் இரட்டிப்பு 784. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழுகின்றன. ஸ-ப இவ்வளவு இணக்கமாக இருப்பதற்கு இது பெரிய காரணம். இப்போது ‘நி’யையும் மேல் ‘ஸ’வையும் சேர்த்து அடித்துப் பாருங்கள். 493.9-க்கும் 523.3-க்கும் இடையே வித்தியாசம் 29 சொச்சம். ஒலி நொடிக்கு அத்தனை முறை ஏறி இறங்குவதால் காதில் கரகரக்கிறது.

எல்லாம் கணக்கு மட்டும் இல்லை. பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. கரகரப்பான ஒலி அவர்களுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நமக்கு இசைவாகத் தோன்றும் கார்டையும் இசையாததாகத் தோன்றும் கார்டையும் அவர்கள் ஒரே அளவு இனிமையானவை என்றே சொன்னார்கள். கேட்டுக் கேட்டுப் பழகியதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

சரி, வரிசைக்கு வருவோம். வெள்ளைக் கட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று வைத்தால் ஏழு கார்டு கிடைக்கும். ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்து அவை மூன்று வகை: மூன்று மேஜர், மூன்று மைனர், ஒரு டிமினிஷ்டு. 1950-களின் அமெரிக்க டூ-வாப் (பல குரல்கள் சேர்ந்து பாடும் பாப் வகை) பாடல்களில் ஓயாமல் வந்த வரிசை சி, ஏ மைனர், எஃப், ஜி. அதை விரலோடு விரலாகக் கவனியுங்கள். ஸ-க-ப, த-ஸ-க ஆகும்போது ‘ப’ மட்டும் ‘த’வுக்குப் போகிறது, மற்ற இரண்டும் அப்படியே. அடுத்து ம-த-ஸ: ‘க’ மட்டும் அரைப்படி (கருப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால் அடுத்த கட்டை) ஏறி ‘ம’ ஆகிறது. அடுத்து ப-நி-ரி. இங்கே ஒன்றுகூட மிச்சமில்லை, மூன்றுமே மாறிவிட்டன! இரண்டு முறை மெதுவாக நகர்ந்த தரை மூன்றாவது முறை முழுதாகப் பெயர்கிறது. நாலாவது கார்டில் வரும் அந்த எழுச்சி அதனால்தான். பாடுபவர் மூன்று கார்டு வரைக்கும் ‘ஸ’விலேயே நின்று ஜி-யில் ‘நி’க்கு இறங்கினால் போதும், ஒரு பல்லவியின் முதல் வரி தயார்.

ஜி-யோடு ‘ம’வையும் சேர்த்தால் ஜி செவன்த். அதற்குள் இருக்கும் ‘நி’யும் ‘ம’வும் சரியாக ஆறு அரைப்படி தள்ளி, அதாவது ஒரு ஸ்தாயியின் பாதித் தூரத்தில், நிற்கின்றன. ‘நி’ அரைப்படி ஏறினால் ‘ஸ’, ‘ம’ அரைப்படி இறங்கினால் ‘க’. இரண்டு பக்கமிருந்தும் இழுப்பு சி மேஜரை நோக்கியே இருக்கிறது. அதனால்தான் ஜி செவன்தில் பாட்டை நிறுத்தினால் தொண்டையில் ஏதோ நின்றதுபோல இருக்கும். அந்த எதிர்பார்ப்பை ஏமாற்றவும் செய்யலாம்: சி வரவேண்டிய இடத்தில் ஏ மைனர் வையுங்கள். ‘ஸ’வும் ‘க’வும் இரண்டுக்கும் பொது என்பதால் தப்பாகக் கேட்காது; பாட்டு முடியாமல் இன்னொரு வரிக்கு நீளும்.

ட்யூன் கையில் இருந்தால், தாளத்தில் அழுத்தம் விழும் ஸ்வரத்தை மட்டும் முதலில் பாருங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் அந்த ஏழில் மூன்று கார்டுகளில் இருக்கும். அந்த மூன்றில், முந்தைய கார்டிலிருந்து எவ்வளவு நகர வேண்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கார்டும் பெரிதாகத் தாவினால் ஒரு தாவலும் காதில் நிற்காது. என்னைக் கேட்டால், நான்கில் ஒன்று போதும்.

ஸ்கேலுக்கு, அதாவது இந்த வெள்ளைக் கட்டை ஸ்வரங்களுக்கு, வெளியே போகவும் இதே வழிதான். எஃப் மேஜரிலிருந்து எஃப் மைனர், பிறகு சி மேஜர் வாசித்துப் பாருங்கள். எஃப்-இல் இருக்கும் ‘த’ அரைப்படி இறங்கி சுத்த தைவதமாகிறது, இன்னொரு அரைப்படி இறங்கி ‘ப’வில் சேர்கிறது. வெளியிலிருந்து வந்த ஸ்வரம் அந்த ஒன்றுதான். ‘ஸ’வோ மூன்று கார்டிலும் அப்படியே நிற்கிறது.